கொக்கியை நம்பாத சன்னாசி

அன்றைக்குத் தோட்டத்துக் கேட்டில் பைச் சோதனை. ரப்பர் மரம் நின்ற காலம் அது. பால் வெட்டி முடித்துத் திரும்பும் ஆட்கள் வரிசையில் நின்று, தோளில் தொங்கும் துணிப்பையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். மரத்தில் ஒட்டி உறைந்த ஒட்டுப்பால் திருட்டுப் போகிறதென்று, தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கேட்டைக் காவல் காக்கும் ஜாகா சன்னாசி ஒவ்வொரு பையிலும் முழங்கைவரை கையை விட்டுத் துழாவினார்.

மங்கம்மாவின் முறை வந்தது. அவள் புருஷன் படுக்கையில் விழுந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. பையின் அடியில், ஈரச் சட்டைக்குள் சுருட்டி, இரண்டு கைப்பிடி ஒட்டுப்பால் வைத்திருந்தாள். சன்னாசியின் கை அதைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே கொஞ்சம் நின்றது.

“என்னய்யா அங்க?” என்றார் கிராணி.

“ஈரத் துணிங்க. ஒரே வேர்வ நாத்தம்.” சன்னாசி கையை உருவிக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். “ம்ம், போ, போ. அடுத்த ஆளு.”

அவ்வளவுதான். மங்கம்மா அதைச் சாகும்வரை யாரிடமும் சொல்லவில்லை. சன்னாசியும் சொல்லவில்லை. மறுநாள் அதே வரிசை, அதே முழங்கை, அதே துழாவல். ஆனால் வரிசையில் அவளுக்கு மூன்று பேர் பின்னால் அவள் மகன் தர்மராஜ் நின்றிருந்தான். இருபத்திரண்டு வயது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டான்.

பார்த்தவனுக்கு நன்றிதான் வந்திருக்க வேண்டும். வந்தது பயம். ஒருவன் நம் வீட்டுக் குற்றத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிறான் என்றால் எதற்காக இருக்கிறான்? என்றைக்கு வந்து கேட்பான்? என்ன கேட்பான்? ஒரு வருடம் காத்திருந்தான். பத்து வருடம் காத்திருந்தான். சன்னாசி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததாலேயே தர்மராஜின் சந்தேகம் தீரவுமில்லை. சன்னாசி கோவிலில் எதிரே வந்தால் தர்மராஜ் கும்பிடு போடுவார், இரண்டு அடி தள்ளி நின்றே பேசுவார்.

சன்னாசியும் அப்படி ஒன்றும் பக்கத்தில் போய் உட்காரக்கூடிய மனிதரில்லை. இருபத்தெட்டு வருடம் பிறர் பையில் கைவிட்ட மனிதர் எதைத்தான் நம்புவார்? கோவிலுக்குள் போகும்போது இடது செருப்பைக் கிழக்கு வாசலிலும் வலது செருப்பை மேற்கு வாசலிலும் விடுவார். ஒற்றைச் செருப்பை எவனும் திருடமாட்டான் என்பது கணக்கு. பப்பாளி வாங்கினால் காதில் வைத்துத் தட்டிப் பார்ப்பார். வானொலியில் மழை வராது என்று சொன்னால் அன்றைக்குக் கட்டாயம் குடை எடுப்பார். “அவனுக்கு எதுக்கு நான் நனையலேன்னு இவ்ளோ அக்கற?” என்பார்.

தோட்டம் அவருக்கு ஒரு சைக்கிள் கொடுத்திருந்தது. கேட்டு வேலை போக, வேலியோரமாகப் பன்னிரண்டு மைல் சுற்றி வருவதும் அவர் வேலை. ரப்பர் மரம் போய், எண்ணெய்க்குச் செம்பனை வந்தது. செம்பனைக்குப் பிறகு கேமராவும் மோட்டார் சைக்கிளில் சுற்றும் காவலாளிகளும் வந்தார்கள். சன்னாசியை வேலையிலிருந்து நிறுத்தி, சைக்கிளை மட்டும் அவரிடமே விட்டார்கள். அன்று மத்தியானமே அவர் அதை மிதித்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். கெமாஸ் வரைக்கும் போய், மூன்றாம் நாள் திரும்பி வந்தார்.

“இருபத்தெட்டு வருஷமா வேலிக்கு உள்ளயே சுத்தினேன். அந்தப் பக்கம் என்னதான் வச்சிருக்கானுங்கன்னு ஒரு சந்தேகம்” என்றார், கேட்டவர்களிடம்.

அதற்குப் பிறகு அவருக்கு அதே வேலையாகிவிட்டது. தெற்கே ஜொகூர், வடக்கே பாடாங் பெசார் எல்லை, கிழக்கே கடற்கரை என்று சட்டி, பாய், அரிசி எல்லாவற்றையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார், வருவார். அறுபது தாண்டியும் நிறுத்தவில்லை.

தர்மராஜ் அவரிடம் உதவி கேட்டுப் போவார் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். ஆனால் அதற்கு முந்தைய வருடம் தர்மராஜின் மனைவி திலகாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். அறுத்து எடுத்தார்கள். அது கெட்ட கட்டியா நல்ல கட்டியா என்று தெரிய ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். அந்த ஒன்பது நாளும் தர்மராஜ் சோறு தின்னவில்லை, பாலும் பழமும்தான். ஒன்பதாம் நாள் விடியலில், மம்பாவில் இருந்த தன் வீட்டுச் சாமி மாடத்தின் முன்னால் நின்று முருகனிடம் சொன்னார்: “இவளக் குடுத்துடுப்பா. பங்குனி உத்திரத்துக்கு மாரான் மரத்தாண்டவர் சந்நிதிக்குச் சைக்கிள்ல வரேன். என் சுமைய நானே சுமந்து வரேன். ஒருத்தன் கையும் படாம வரேன்.”

நல்ல கட்டி என்று சொல்லிவிட்டார்கள். முருகன் அவன் பங்கைச் செய்துவிட்டான். இனி தர்மராஜின் பங்கு.

ஐம்பது வயது. செம்பனைக் குலைவெட்டில் தேய்ந்த முழங்கால். நெகிரி செம்பிலானிலிருந்து பகாங் மாரானுக்கு மூன்று நாள் மிதிக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த ஒரே சைக்கிள் யாத்திரைக்காரர் சன்னாசிதான். போய்க் கேட்டார். யாத்திரை என்று சொன்னார். பால்குடம் எடுப்பதாகச் சொன்னார். சுமையைப் பற்றிய வாக்கை மட்டும் சொல்லவில்லை. நேர்த்திக்கடனை வாய்விட்டுச் சொன்னால் பலன் குறையும் என்று மங்கம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள். அதோடு, சாமி பேரைச் சொன்னாலும் ‘எந்தச் சாமி, எவன் சொன்னான்’ என்று கேட்கக்கூடிய மனிதரிடம் அதை எப்படிச் சொல்வது?

“சாமான் எதுல கொண்டாரப் போற?” அதுதான் சன்னாசி கேட்ட முதல் கேள்வி.

“பின்னால கேரியர்ல கட்டிக்குவேண்ணே. அந்தக் காலத்துல பால் டின்னு கட்டுவோம்ல, அந்த மாதிரி.”

“பால் டின்ன நீ எவ்ளோ தூரம் கொண்டுபோன? ஸ்டோர் வரைக்கும் ரெண்டு மைலு. அதுவும் சமதள ரோடு. மொத்தப் பாரத்தையும் பின்னால ஏத்திக்கிட்டுப் புக்கிட் புத்துஸ் மேட்டுல ஏறிப் பாரு. முன்சக்கரம் எந்திரிச்சு நின்னு உனக்கு வணக்கம் சொல்லும்.”

அன்றைக்குத் தொடங்கியது பை தேடும் படலம். ஒன்றரை மாதம் நடந்தது.

மூன்றாவது ஆளாகப் பக்கத்து ஊர் ராசாவிலிருந்து டொனால்ட் சேர்ந்துகொண்டான். முப்பத்தைந்து வயது, பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். ஞாயிறு காலை மாதா கோவில் பூசைக்குப் போய்விட்டு, மத்தியானம் சைக்கிள் ஏறுகிறவன். “உங்க சாமியப் பாக்கவும் வரேன், ரோட்டையும் பாக்கறேன்” என்றான். அவனிடம் ஏற்கெனவே பக்கப்பைகள் இருந்தன. தண்ணீர் புகாத ரப்பர் துணி, வாயைச் சுருட்டி மடித்துக் கட்டுவது, சக்கரத்தின் இரண்டு பக்கமும் கொக்கி போட்டு மாட்டுவது. தொட்டால் மழமழவென்று இருந்தது. தர்மராஜுக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது.

சன்னாசி அந்தப் பையைப் பத்து நிமிடம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கொக்கியை நகத்தால் சுரண்டினார்.

“இது பிளாஸ்டிக்கு.”

“அண்ணே, இது சாதாரண பிளாஸ்டிக்கு இல்லண்ணே. நாலு வருஷமா ஓட்டறேன், ஒண்ணும் ஆகலலா.”

“நாலு வருஷமா ஆகலேன்னா அஞ்சாவது வருஷம் ஆவும்னு அர்த்தம். ரோட்டுக் குழியில எறங்கறப்ப ‘டப்’புனு தெறிச்சிச்சின்னா, கடக்காரனா வந்து பொறுக்குவான்?”

“அப்ப நீங்க கல்யாணமே பண்ணியிருக்கக் கூடாதுண்ணே.”

“பண்ணறதுக்கு முன்னால மூணு தடவ போய்ப் பார்த்தேன்டா. அதுல ஒரு தடவ சொல்லாம போனேன்.”

அடுத்ததாக டொனால்ட் தன் கூட்டாளியின் புது மாதிரிப் பைகளைக் கொண்டுவந்து காட்டினான். அதற்குக் கேரியரே வேண்டாம். சைக்கிளின் முக்கோணத்துக்குள் ஒரு பை, சீட்டுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பை, கைப்பிடியில் ஒரு சுருள். லேசு, காட்டு வழிக்கு நல்லது, ஆடாது என்றான். சன்னாசிக்கு அதைப் பார்த்தாலே ஆகவில்லை. “வயித்துல ஒண்ணு, பொடனில ஒண்ணு. கொரங்கு குட்டியக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. இதுல சட்டி எங்க வைப்ப? அரிசி எங்க வைப்ப? இது கடையில சாப்புடறவன் பை.” அது ஒருவகையில் நியாயம்தான். விரதக்காரர் தர்மராஜ் தன் கையால் பொங்கித்தான் சாப்பிட வேண்டும்.

பிறகு இழுவண்டி. ஒற்றைச் சக்கரம் வைத்து, பின்னச்சில் மாட்டி இழுத்துப் போவது. சைக்கிளின் மேல் பாரமே இல்லை, எல்லாம் தரையோடு வரும். தர்மராஜுக்கு அதில் ஒரு ஆசை விழுந்தது. முழங்காலுக்கு நல்லதுபோலத் தோன்றியது. சன்னாசி அதைத் தோட்டத்து மண்மேட்டிலிருந்து காலியாக உருட்டிப் பார்த்தார், பிறகு ஐந்து புட்டித் தண்ணீர் ஏற்றி உருட்டிப் பார்த்தார். இறக்கத்தில் அது சைக்கிளைப் பின்னாலிருந்து தள்ளியது.

“வேணாம்” என்றார்.

“ஏண்ணே?”

“எனக்குப் பின்னால வர்றவன நான் எப்பவுமே நம்பறதில்ல.”

கடைசியில் அவர் முடிவு செய்தது தன்னுடைய முறையைத்தான். இரும்புக் கேரியர், நாலு போல்ட் வைத்து முறுக்கியது. முன்சக்கரத்துக்கும் தாழ்வாக ஒரு சின்னக் கேரியர், பாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அங்கே போக. பைகள் லாரித் தார்ப்பாயில் தைத்தவை. மம்பாவில் திரைச்சீலை தைக்கும் குமுதவல்லியிடம் கொண்டுபோய், நரம்பு நூலால் இரட்டைத் தையல் போடச் சொன்னார். பக்கத்திலேயே நின்றார்.

“அண்ணே, நீங்க இப்படி ஊசியவே பாத்துக்கிட்டு நின்னா, ஊசி வெக்கப்படும்ணே” என்றாள் குமுதவல்லி.

“வெக்கப்படட்டும். நேரா போனாச் சரி.”

ஒரு ஜிப்பும் கிடையாது. உள்ளறைகளும் கிடையாது. “உள்ளுக்குள்ள அற வச்ச பை திருட்டுப் பை. கேட்டுல நான் எத்தன பாத்திருக்கேன்” என்றார். கொக்கிக்குப் பதில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பட்டையாகக் கட்டினார். உள்ளே உரச் சாக்கின் பிளாஸ்டிக் உறையைக் கழுவிப் போட்டார், சாமான் நனையாமல் இருக்க. நாலு பையையும் செம்பனைக் குலை நிறுக்கும் தொங்கு தராசில் மாட்டி, இடதும் வலதும் ஒன்றாக நிற்கும்வரை அரிசியையும் துணியையும் மாற்றி மாற்றி வைத்தார். மொத்தம் பதினாறு கிலோ.

ஒரு விஷயத்தில் மட்டும் தர்மராஜ் பிடிவாதமாக நின்றார். பால்செம்பும் வேலும் பக்கப்பையில் போகக்கூடாது. பக்கப்பை சக்கரத்தோடு கால் பக்கம் தொங்குகிறது. மிதிக்கும் கால் அதைக் கடந்து கடந்து போகிறது. சாமி சாமான் இடுப்புக்கு மேலேதான் இருக்க வேண்டும். சன்னாசி சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். சன்னாசி சிரிக்கவில்லை. கைப்பிடிக்கு முன்னால் ஒரு சின்னப் பெட்டி கட்டிக் கொடுத்தார். “விளக்க மறைக்குது” என்று மட்டும் முணுமுணுத்தார்.

ஏன் இவ்வளவு செய்கிறார்? தர்மராஜ் ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்துப் பார்ப்பார். ஒன்றரை மாதம் ஒரு மனிதன் சும்மா ஒருவனுக்காக நூலும் தராசுமாக அலைவானா? திலகாவிடம் சொன்னபோது அவள், “உங்க ரெண்டு பேரையும் ஒரே தராசுல மாட்டினா முள்ளு ஆடாம நிக்கும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

பங்குனி உத்திரத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, தேங்காய் உடைத்துக் கிளம்பினார்கள்.

சிரம்பானைத் தாண்டிப் புக்கிட் புத்துஸ் மேடு தொடங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. சும்மா மழையில்லை, ரோட்டில் லாரிகள் விளக்குப் போட்டு வந்தன. தர்மராஜ் பல்லைக் கடித்து மிதித்தார். ஒவ்வொரு வளைவிலும் சைக்கிள் இன்னும் கனத்தது. வாயில் கந்தனின் பேர் நின்றுபோய் வெறும் மூச்சு மட்டும் வந்தது. பாதி மேட்டில் இறங்கித் தள்ள ஆரம்பித்தார். டொனால்ட் முன்னால் போய்விட்டான். சன்னாசி மட்டும் பின்னாலேயே மெதுவாக வந்தார். தர்மராஜின் சைக்கிளின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அந்தப் பார்வை தர்மராஜின் முதுகில் குத்தியது. ‘இவன் தாங்கமாட்டான் என்று முடிவு கட்டுகிறார்’ என்று நினைத்துக்கொண்டார்.

குவாலா பிலாவில் ஒரு கோவில் கூடத்தில் பொங்கிச் சாப்பிட்டார்கள். மழை விட்டிருந்தது. தர்மராஜ் பாயை விரித்து ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தார். “தூங்கு, சைக்கிள நான் பாத்துக்கறேன்” என்றார் சன்னாசி.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அதிசயம். குவாலா பிலாவிலிருந்து பஹாவ் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தர்மராஜின் சைக்கிள் தானாக ஓடியது. முழங்கால் வலிக்கவில்லை. ஜுவாசே பக்கத்துச் சின்ன மேட்டில் அவர் டொனால்டையே முந்தினார். “அலமாக்! அண்ணே, என்ன சாப்ட்டீங்க?” என்று கத்தினான் அவன். தர்மராஜுக்குக் கண் நிறைந்துவிட்டது. முருகன் வந்துவிட்டான், சுமையைக் கையால் தாங்கிப் பிடிக்கிறான் என்று உடம்பு சிலிர்த்தது. அரோகரா, அரோகரா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மிதித்தார். எதிரே மோட்டாரில் வந்த ஒரு மலாய்க்காரர் சிரித்துக் கையை ஆட்டினார்.

பஹாவுக்கு ஐந்து மைல் இருக்கும்போது ரோட்டில் ஒரு குழி வந்தது. சைக்கிள் குதித்தது. பின்பையிலிருந்து எப்போதும் ‘ணங்’ என்று வரும் சட்டியின் சத்தம் வரவில்லை.

தர்மராஜ் அரோகராவை நிறுத்தினார்.

அடுத்த குழியில் வேண்டுமென்றே இறக்கினார். சத்தமில்லை. சட்டி துணிக்குள் சிக்கியிருக்கும் என்று சொல்லிக்கொண்டார். பிறகு, காலையில் தான் பட்டையின் நுனியைப் பைக்குள் செருகிவிட்ட ஞாபகம் வந்தது. இப்போது நுனி வெளியே தொங்குகிறது. தூங்கும்போது யாரோ பையைத் திறந்திருக்கிறார்கள். ‘சைக்கிள நான் பாத்துக்கறேன்.’ இருபத்தெட்டு வருடம் ஊரார் பையில் கைவிட்ட கை. திருடினாரா? சட்டியையும் அரிசியையும் திருடி என்ன செய்வார்? திருடியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. திருட்டு இல்லையென்றால் வேறு என்ன என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நின்று பார்க்கவும் பயம். பார்த்தால் உண்மையாகிவிடும். கடைசி ஐந்து மைலும் அவர் லேசான சைக்கிளில் கனத்த மனத்தோடு மிதித்தார்.

பஹாவில் தங்கிய கோவில் மண்டபத்தில், விளக்கு வைக்கும் நேரத்தில், பின்பைகளை இறக்கி எல்லோர் முன்னாலும் கொட்டினார்.

பழைய நாளிதழ் உருண்டைகள் உருண்டன. மூடி போட்ட காலிப் புட்டிகள் நாலு விழுந்தன. சட்டி இல்லை. கேஸ் அடுப்பு இல்லை. அரிசி இல்லை. சாவி, ஸ்பேனர் வைத்த தகர டப்பா இல்லை.

“இது என்னண்ணே?”

சன்னாசி கால் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். “பேப்பரு.”

“பேப்பருன்னு தெரியுது. என் சட்டி எங்க?”

“எங்கிட்ட இருக்கு. பத்திரமா இருக்கு.”

“எதுக்கு எடுத்தீங்க?”

“நீ அந்த மேட்டுல நிக்கறப்ப உன் ஒதட்டப் பாத்தேன். நீலமா போச்சு. சொன்னா குடுப்பியா நீ? குடுக்கமாட்ட. அதான் எடுத்தேன். பை சரிஞ்சா பட்ட நழுவும், அதுக்குத்தான் பேப்பரு.”

டொனால்ட் சமாதானமாக, “நல்லதுக்குத்தானேண்ணே செஞ்சாரு” என்றான்.

தர்மராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றுதான் முதல்முறையாக அந்த வாக்கைத் திலகாவைத் தவிர வேறு மனிதரிடம் சொன்னார். என் சுமையை நானே சுமந்து வருவேன், ஒருத்தன் கையும் படாது என்று சொன்னதை. “வழியெல்லாம் முருகன் தூக்கறான்னு அழுதுக்கிட்டே வந்தேண்ணே. தூக்கினது நீங்க.”

சன்னாசி கழுவிய காலை மறுபடியும் கழுவினார்.

“ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல, தர்மா?”

“சொன்னா சிரிப்பீங்கன்னு நெனச்சேன்.”

“சிரிச்சிருப்பேன். சிரிச்சாலும் கை வச்சிருக்க மாட்டேன்.” பிறகு, கீழே கிடந்த தார்ப்பாய்ப் பையைக் காலால் தள்ளினார். அது இன்னும் காயவில்லை; தள்ளிய இடத்தில் தண்ணீர் கசிந்தது. “இந்தா, இதத் தூக்கிப் பாரு. பை மட்டும். மழையில தண்ணி குடிச்சிருக்கு. நாலு பையும் சேந்து ரெண்டு கிலோவுக்கு மேல ஏறிப் போச்சு. சாமான் நனையல, பை நனைஞ்சிருச்சு. அத நான் யோசிக்கல. இவன் பையப் பாரு,” என்று டொனால்டின் பையைக் காட்டினார், “ஒரு சொட்டு நிக்கல அதுல. நான்தான் வேணாம்னேன். நான் பாத்துக் கட்டின பை உன்ன மேட்டுல நிறுத்திருச்சு. உன் சுமைய நான் எடுக்கலடா. என் தப்பத்தான் எடுத்தேன்.”

“ரெண்டு கிலோ தப்புக்கு அஞ்சு கிலோவ எடுத்தீங்களே?”

“கணக்குல நான் எப்பவும் கொஞ்சம் கூடப் போட்டுக்குவேன்.”

டொனால்ட் சிரித்துவிட்டான். தர்மராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று ராத்திரி அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. மண்டபத்துத் தூணில் சாய்ந்தபடி முருகனைக் கேட்டார். அறியாமல் நடந்ததுதானே, போகட்டும் என்று விட்டுவிடலாமா? விட்டுவிட்டால் திலகா? ஒன்றும் ஆகாது என்று அறிவு சொன்னது. அறிவு சொன்னதை நம்ப முடியவில்லை. கடைசியில் வழி ஒன்றுதான் தெரிந்தது. சுமை எங்கே இறங்கியதோ அங்கே போய் ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

காலையில் சொன்னார்: “நான் குவாலா பிலாவுக்குத் திரும்பிப் போறேன். அங்கேருந்து மறுபடி வரேன். முழுச் சுமையோட.”

“உத்திரத்துக்குப் போய்ச் சேர முடியாதுலா அண்ணே!” என்று பதறினான் டொனால்ட். “ஒரு நாள் போயிரும். அப்படியே போறதுன்னாலும் என் பைய எடுத்துக்குங்க. காயாத பையக் கட்டிக்கிட்டு எதுக்கு?”

“இல்ல தம்பி. சுமை என்னுதுன்னா, நனஞ்ச பையும் என்னுதுதான்.”

சொன்னபடியே போனார். அன்று மத்தியானம் குவாலா பிலாவில் அதே கோவிலில் சைக்கிளைத் தொட்டுக் கும்பிட்டு, பதினாறு கிலோவோடும் ஈரப் பையோடும் திரும்பி மிதித்தார். ஜுவாசே மேட்டில் இறங்கித்தான் தள்ளினார். அரோகரா வரவில்லை, மூச்சுதான் வந்தது. உத்திரம் முடிந்து மறுநாள் சாயங்காலம் மாரானில் போய் நின்றபோது கடைகளின் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் இல்லை. செம்பில் பால் ஊற்றித் தலையில் வைத்து வலம் வந்தார். சந்நிதியில் அவரும் முருகனும்தான். அவ்வளவு பக்கத்தில் நின்று அவர் அதற்கு முன்னால் கும்பிட்டதில்லை. திலகா இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள்.

டொனால்டும் சன்னாசியும் உத்திரத்தன்றே தரிசனம் முடித்துத் திரும்பிவிட்டிருந்தார்கள். டொனால்டின் பிளாஸ்டிக் கொக்கி கடைசிவரை உடையவில்லை. வழியெல்லாம் ஒவ்வொரு குழிக்கும் சன்னாசி நின்று திரும்பிப் பார்த்தாராம். “ஒடஞ்சிருந்தா அவருக்கு எவ்ளோ நிம்மதியா இருந்திருக்கும்” என்றான் டொனால்ட் பிறகு.

சன்னாசியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தர்மராஜ் நினைத்துக்கொண்டேதான் இருந்தார். அவருக்கு மனத்தாங்கல் இருக்குமோ, நாலு பேர் முன்னால் பையைக் கொட்டியிருக்கக் கூடாதோ என்று ஒரு தயக்கம். அதற்குள் தோட்டத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சன்னாசி கெமாஸில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மழை மாதத்தில் ஒரு நாள், சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். தர்மராஜுக்குச் செய்தி வந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது.

ஆகவே பஹாவ் மண்டபத்து வாசலில் அன்று காலை பார்த்ததுதான் கடைசி. சாமான்களை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். ஏற்றவில்லை, ஒரு விரல்கூடப் பையில் படவில்லை. சட்டி, அடுப்பு, அரிசி, டப்பா என்று ஒவ்வொன்றாகத் தரையில் வரிசையாக வைத்துவிட்டு, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தர்மராஜ் கட்டினார். இடது பட்டை தளர்வாக இருந்தது. சன்னாசியின் கை துடித்தது. ஆனால் முன்னால் வரவில்லை. “எடப்பக்கம்” என்று மட்டும் சொன்னார். தர்மராஜ் இறுக்கினார்.

“வரேண்ணே.”

“ம்.”

சைக்கிள் ரோட்டில் ஏறிப் பத்தடி போயிருக்கும்.

“டேய் தர்மா!”

தர்மராஜ் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார். சன்னாசி அதே இடத்தில், கையைப் பின்னால் கட்டியபடியே நின்று கத்தினார்:

“போற வழியில எவனாச்சும் வந்து, ‘பாவம், களச்சிட்டீங்க, கொஞ்சம் நான் தூக்கிக்கறேன்’னு சொன்னா நம்பாத. நானே வந்து சொன்னாலும் நம்பாத.”